நிலத்தின் மேல் நிரந்தர வில்லங்கம்: கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் போடலாமா, வேண்டாமா?

அமெரிக்காவில் பண்ணை நிலமோ காடோ சொந்தமாக வைத்திருப்பவர்களிடம், "நிலத்தில் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் போட்டால் வரி குறையும்" என்று யாராவது ஒருவர் என்றாவது சொல்லியிருப்பார். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டு அந்த வழியில் இறங்கியவர்களில் பலர் வருத்தப்படுவதற்குக் காரணம், வரியிலிருந்து யோசிக்கத் தொடங்கியதுதான். வரிச் சலுகை சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். பத்திரம் தீராது.

முதலில் இது என்னவென்று நம் வழக்கில் சொல்லிவிடுவோம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். உழலாம், குடியிருக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அந்த நிலத்தை மனைகளாகப் பிரிப்பது, வணிக வளாகம் கட்டுவது, சுரங்கம் தோண்டுவது போன்ற சில உரிமைகளை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுத்து, அந்த விலக்கைக் காவல் காக்கும் அதிகாரத்தை ஒரு லேண்ட் டிரஸ்டுக்கோ (நிலத்தைக் காக்கும் லாப நோக்கற்ற அமைப்பு) அரசுத் துறைக்கோ எழுதிக் கொடுக்கிறீர்கள். பத்திரம் கவுண்டி பதிவு அலுவலகத்தில் பதிவாகும். அதன் பிறகு நிலம் யார் கைக்கு மாறினாலும் கட்டுப்பாடும் கூடவே போகும். சுருக்கமாக, உங்கள் நிலத்தின் மேல் நீங்களே மனமறிந்து ஏற்றும் வில்லங்கம். வடக்கு டகோட்டா மட்டும் 99 ஆண்டுக்கு மேல் இத்தகைய உரிமையை அனுமதிப்பதில்லை. மற்ற மாநிலங்களில் வரிச் சலுகை வேண்டுமானால் "என்றென்றைக்கும்" என்பது கட்டாயம்.

பொதுமக்கள் உள்ளே நடமாட அனுமதிக்க வேண்டுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பொழுதுபோக்கு அல்லது கல்விப் பயன்பாடு என்ற நோக்கத்தின் கீழ் எழுதினால்தான் அது வேண்டும். வாழிடப் பாதுகாப்புக்கோ விவசாய நிலத்துக்கோ பொதுவாக வேண்டியதில்லை. சாலையிலிருந்து தெரியும் அழகுக்காக என்று எழுதினால், கண்ணுக்குத் தெரிந்தால் போதும். கால் பதிக்க விட வேண்டாம்.

காகிதத்தைத் தொடும் முன்

வரிச் சலுகை ஒரு காசு கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த நிலம் இப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புவீர்களா? "ஆம்" என்று பதில் வந்தால் மேலே படியுங்கள். "பார்க்கலாம்" என்று வந்தால் இன்னும் ஓராண்டு பொறுங்கள். நிலம் எங்கும் ஓடிவிடாது.

இரண்டாவது கேள்வி குடும்பம். நிலத்தை அடுத்து வைத்திருக்கப் போகிறவர்கள் யாரோ, அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். மூன்று பிள்ளைகள், 100 ஏக்கர், பத்திரத்தில் "பாகம் பிரிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால், உங்களுக்குப் பின் மூவரும் ஒரே நிலத்தின் கூட்டு உரிமையாளர்களாகத்தான் இருக்க முடியும். ஒருவருக்குப் பணம் தேவை, ஒருவருக்கு உழ ஆசை, ஒருவர் தொலைவில் இருக்கிறார் என்றால் அந்த ஒரு வரி வழக்கில் போய் முடியும். ஒரு முறை மட்டும் பிரிக்கலாம், கோடு இந்த ஓடையின் வழியாகப் போக வேண்டும் என்று வரைபடத்தோடு இப்போதே எழுதி வைக்கலாம். பத்திரம் பதிவான பிறகு கேட்டால் கிடைக்காது.

மூன்றாவது, நிலத்தின் மதிப்பில் உங்கள் எதிர்காலம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்பது. முதுமைக்கும் மருத்துவத்துக்கும் இந்த நிலத்தை விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையிலிருந்தால், அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தானமாகக் கொடுப்பது உங்களுக்கு ஏற்றதல்ல. அப்படிப்பட்டவர்கள் உரிமையை விலைக்கு வாங்கும் திட்டங்களைப் பார்க்க வேண்டும், கீழே வருகிறது.

கணக்கை உங்கள் வருமானத்தில் போட்டுப் பாருங்கள்

மதிப்பீடு செய்யும் முறை எளிது: கட்டுப்பாடு இல்லாதபோது நிலத்தின் சந்தை விலை, கட்டுப்பாட்டுக்குப் பின் விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈஸ்மென்டின் மதிப்பு. முன் விலை 8 லட்சம் டாலர், பின் விலை 5 லட்சம் என்றால், தானத்தின் மதிப்பு 3 லட்சம். பக்கத்திலேயே உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேறு நிலம் இருந்து, இந்தக் கட்டுப்பாட்டால் அதன் விலை ஏறுமானால், அந்த ஏற்றத்தைக் கழிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

வருமான வரிச் சட்டத்தின் 170(எச்) பிரிவின் கீழ், ஓராண்டில் சரிக்கட்டப்பட்ட மொத்த வருமானத்தில் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்கு நகர்த்தலாம். மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து வருபவருக்கு இந்த வரம்பு 100 சதவீதம், நிலம் விவசாயத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும்படி பத்திரத்தில் எழுதியிருந்தால். 2015-ல் நாடாளுமன்றம் இதை நிரந்தரமாக்கியது.

ஆண்டுக்கு 1,20,000 டாலர் வருமானம் உள்ளவர் ஆண்டுக்கு 60,000 வீதம் 5 ஆண்டுகளில் 3 லட்சத்தையும் கழித்துவிடுவார். ஆண்டுக்கு 30,000 மட்டும் வருமானம் உள்ள, விவசாயி அல்லாத ஒருவர் ஆண்டுக்கு 15,000 வீதம் 16 ஆண்டுகளில் (கொடுத்த ஆண்டும் அடுத்த 15-ம்) கழிப்பது 2,40,000. மீதி 60,000 காலாவதியாகும். அதோடு, அவ்வளவு குறைந்த வருமானத்துக்கு அவர் கட்டும் வரியே சொற்பம். கழிவு பெரிதாகத் தெரிந்தாலும் கைக்கு மிஞ்சுவது கொஞ்சம். "3 லட்சம் கழிவு" என்றதும் 3 லட்சம் டாலர் கையில் வருவதாக நினைப்பவர்கள் உண்டு; கழிவு என்பது வரிக்கு உட்பட்ட வருமானத்தைத்தான் குறைக்கும். நிலையான கழிவை விட்டுவிட்டு இனவாரியாகக் கணக்குக் காட்டுபவருக்கே இது பயன்படும். 2026 முதல் வருமானத்தில் முதல் 0.5 சதவீதம் அளவுக்கான தானம் கழிவில் சேராது என்பதையும் உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலத்தை வாங்கி ஓராண்டு முழுதாக ஆகாமல் ஈஸ்மென்ட் கொடுத்தால், கழிவு உங்கள் அடக்க விலையோடு (பொதுவாக நிலத்தை வாங்கிய விலை) நின்றுவிடும். மனை விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கும் அப்படியே. இன்னொன்று: அடக்க விலையும் ஈஸ்மென்ட் மதிப்பின் விகிதத்தில் குறையும். 1 லட்சத்துக்கு வாங்கிய நிலம், ஈஸ்மென்ட் மொத்த மதிப்பில் 37.5 சதவீதம் என்றால், அடக்க விலை 62,500 ஆகிவிடும். பிறகு விற்கும்போது மூலதன ஆதாய வரி அந்த அளவுக்குக் கூடுதலாக வரும்.

சொத்துரிமை வரியில், நிலம் ஈஸ்மென்ட்டோடு மரணத்தின்போது கைமாறினால் 2031(சி) பிரிவு நிலத்தின் மதிப்பில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் 5 லட்சம் டாலர், விலக்கு தருகிறது. ஈஸ்மென்ட் நிலத்தின் மதிப்பில் 30 சதவீதமாவது குறைத்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 40-லிருந்து 2 புள்ளி போகும். 2026-ல் ஒருவருக்கான விலக்கு வரம்பே 1.5 கோடி டாலர் என்பதால், பெரும்பாலான குடும்பங்கள் இதற்காக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தேவைப்பட்டால், இறந்த பிறகும் கூட உயில் நிறைவேற்றுபவர் ஈஸ்மென்ட் எழுதி இந்த விலக்கைக் கேட்க வழியுண்டு, வருமான வரிக் கழிவு எடுக்காமல் இருந்தால். இப்போது முடிவெடுக்கத் தயங்குபவர்களுக்கு இது நல்ல வாசல்.

மாநிலச் சலுகை வேறு கதை. வர்ஜீனியா ஈஸ்மென்ட் மதிப்பில் 40 சதவீதத்தை வரி வரவாகவே (கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறைவது) தருகிறது. அதை மற்றவருக்கு விற்கலாம். கொலராடோவிலும் விற்கக்கூடிய வரி வரவு உண்டு. வருமானம் குறைந்தவருக்குக் கூட்டரசுக் கழிவைவிட இதுதான் உண்மையான பணம். நில வரி தானாகக் குறையும் என்று எண்ணாதீர்கள்: ஏற்கெனவே விவசாய நில மதிப்பீட்டில் இருக்கும் நிலத்துக்குப் பெரும்பாலும் மாற்றமே தெரியாது.

தானமா, விலைக்கா?

உரிமையை விலைக்கு வாங்கும் விவசாயத் துறையின் ஏசிஇபி திட்டத்தில் பண்ணை நில ஈஸ்மென்டுக்குக் கூட்டரசு மதிப்பில் 50 சதவீதம் வரை கொடுக்கும். சிறப்புப் புல்வெளிகளுக்கு 75 வரை. மீதியை லேண்ட் டிரஸ்ட் திரட்ட வேண்டும், அல்லது நீங்கள் ஒரு பகுதியைத் தானமாக விடலாம். சதுப்பு நிலமாக இருந்தால் நிரந்தர ஈஸ்மென்டுக்கு முழு மதிப்பும், 30 ஆண்டு ஈஸ்மென்டுக்கு 50 முதல் 75 சதவீதமும் கிடைக்கும். 30 ஆண்டுக்கு எழுதினால் 170(எச்) கழிவு கிடையாது. காட்டுக்கு வனத்துறையின் ஃபாரஸ்ட் லெகசி திட்டம் உண்டு. விலைக்குக் கொடுத்த பகுதி விற்பனையாகக் கருதப்பட்டு ஆதாய வரிக்கு உட்படும். இந்தத் திட்டங்கள் மெதுவானவை. ஆண்டு கடந்து இழுக்கும். அவசரப் பணத்துக்கு ஆகாது.

மனம் பாதி மட்டும் ஒப்பினால், 10 முதல் 15 ஆண்டுவரை நிலத்தைச் சாகுபடியிலிருந்து எடுத்து, புல்லோ மரமோ வளர்த்து வைக்க விவசாயத் துறை வாடகை தரும் சிஆர்பி ஒப்பந்தம் போட்டுப் பார்க்கலாம். முடிந்ததும் கட்டுப்பாடும் முடிந்துவிடும்.

பத்திரத்தின் வரிகள்

வேலையில் பெரும் பகுதி இங்கேதான். லேண்ட் டிரஸ்ட் தரும் மாதிரிப் பத்திரத்தை அப்படியே கையெழுத்திடாதீர்கள். அவர்கள் வழக்கறிஞர் அவர்களுக்காக எழுதியது அது. உங்களுக்கென்று, ஈஸ்மென்ட் வேலையில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை வையுங்கள். சாதாரண வீட்டுப் பத்திர வழக்கறிஞர் இதற்குப் போதாது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். "நிலத்தில் உயிருள்ள மரங்களை வெட்டக் கூடாது." படிக்க அழகாக இருக்கிறது. மிச்சிகனில் 2002-ல் எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு கண்டுபிடிக்கப்பட்டபின், கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அதனால் செத்தன. வண்டு பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது என்று தெரிந்தாலும், மரம் சாகும்வரை அந்த வரியின்படி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். செத்தபின் மரத்துக்கு விலையும் இருக்காது, வெட்டும் ஆளுக்கு ஆபத்தும் கூடும். அதே வரியை "தகுதி பெற்ற வனவியலாளர் எழுதி, டிரஸ்ட் ஒப்புக்கொண்ட, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மேலாண்மைத் திட்டத்தின்படி வெட்டலாம், நோய், பூச்சி, விபத்து அபாயம், சொந்த விறகு ஆகியவற்றுக்கு முன் அனுமதி வேண்டாம்" என்று எழுதினால் காடும் காப்பாற்றப்படும், நீங்களும் பிழைப்பீர்கள்.

இன்னொன்று, கட்டட வரம்பு. ஏசிஇபி பண்ணை ஈஸ்மென்டில் நீர் புகாப் பரப்புக்குப் பொதுவாக 2 சதவீத வரம்பு. 100 ஏக்கரில் அது 2 ஏக்கர். கேட்க நிறைய போலிருக்கும். வீடு, களஞ்சியம், இயந்திரக் கொட்டகை, பாவிய முற்றம், பிற்காலத்தில் ஒரு பசுமைக்குடில் என்று அளந்து கூட்டிப் பாருங்கள். கால்நடைப் பண்ணையாக மாற்ற நினைப்பவருக்கு அது ஒரே தலைமுறையில் தீர்ந்துவிடும். விதிவிலக்கு கேட்க வழியுண்டு, ஆனால் பத்திரம் எழுதும் முன்பே கேட்க வேண்டும். வீடுகளுக்கான இடத்தைச் சர்வே செய்து, எல்லை எண்களோடு ஒரு கட்டடப் பகுதியாகக் குறித்துவிடுங்கள். "பிற்பாடு இடத்தை மாற்றிக்கொள்ளலாம்" என்ற வசதி வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். வட கரோலினாவில் 184 ஏக்கர் கோல்ஃப் மைதானத்தின் மேல் எழுதிய ஈஸ்மென்டில், பாதுகாத்த நிலத்துக்குப் பதிலாக வேறு நிலத்தை மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. 1.05 கோடி டாலர் கழிவு முழுவதும் மறுக்கப்பட்டது; 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குறிப்பிட்ட நிலம் நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டும், மாற்றிக்கொள்ளும் உரிமை அதைக் கெடுக்கிறது என்பதே காரணம்.

இவற்றையும் வாசகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: பண்ணைச் சந்தைக் கடை, சூரியத் தகடு, வேலி, குளம், வேட்டைக் குத்தகை, நீர் உரிமை. மேற்கு மாநிலங்களில் நீர் உரிமை நிலத்திலிருந்து தனியாக விற்கப்படுவது. அதைப் பத்திரத்தில் கட்டாவிட்டால் பாசனம் போன வெறும் நிலம்தான் மிஞ்சும். எழுதாத எதுவும் பிறகு "டிரஸ்ட் என்ன நினைக்கிறதோ" என்பதில் போய் நிற்கும்.

எங்கே உடைகிறது

அடமானம். கொலராடோவில் 180 ஏக்கர் நிலத்தின் மேல் ஒரு குடும்பம் 2003 டிசம்பரில் ஈஸ்மென்ட் எழுதியது. நிலத்தை விற்றவருக்குத் தர வேண்டிய கடன் அதன் மேல் அடமானமாக இருந்தது. தவணை ஒன்றும் தவறியதில்லை. கடன் கொடுத்த அவர் தன் உரிமையை ஈஸ்மென்டுக்குக் கீழ்ப்படுத்தி எழுதிக் கொடுத்தது 2005 டிசம்பரில். இரண்டு ஆண்டு தாமதம். 5 லட்சம் டாலருக்கு மேலான கழிவு முழுக்கப் போயிற்று. கடன் தவறும் வாய்ப்பே இல்லை என்ற வாதம் 2015-ல் மேல்முறையீட்டில் எடுபடவில்லை. ஆகவே வங்கியோ வேறு யாரோ, கடன் கொடுத்தவரின் கீழ்ப்படுத்தல் கடிதம் ஈஸ்மென்ட் பத்திரத்துக்கு முன்போ, அதோடு சேர்ந்தோ பதிவாக வேண்டும். வங்கிகள் இதற்கு மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

கனிம உரிமை. மேற்பரப்பு உங்களுடையதாகவும் கீழே உள்ள கனிமம் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். அப்போது மேற்பரப்புச் சுரங்கம் நிகழும் வாய்ப்பு "புறக்கணிக்கத்தக்க அளவு குறைவு" என்று ஒரு புவியியலாளர் எழுதிய அறிக்கை வேண்டும். வில்லங்கச் சோதனையை இதற்காகவே பழைய பத்திரங்கள் வரை இழுக்கச் சொல்லுங்கள்.

நேரம். மதிப்பீட்டாளர் அறிக்கை, தானத்துக்கு 60 நாளுக்கு முன் தேதியிட்டதாக இருக்கக் கூடாது. வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடுவுக்குப் (நீட்டிப்பு உட்பட) பிந்தியும் இருக்கக் கூடாது. டிசம்பர் 31-க்குள் பதிவாகாவிட்டால் அந்த ஆண்டுக் கழிவு கிடையாது. முழு வேலைக்கும் ஓராண்டு ஆவது சாதாரணம், எனவே அக்டோபரில் யோசனை தொடங்கி டிசம்பரில் முடிக்க நினைப்பவர்தான் வாசகத்தில் கோட்டை விடுவார்.

படிவம் 8283. தானத்தைக் காட்ட வரிக் கணக்கோடு இணைப்பது இது. மதிப்பீட்டாளரும் டிரஸ்டும் கையெழுத்திட வேண்டும். உங்கள் அடக்க விலைக்கான கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். அதை நிரப்பாததே வரித் துறையான ஐஆர்எஸ் கழிவை மறுப்பதற்குக் காரணமாகியிருக்கிறது. கழிவு 5 லட்சம் டாலரைத் தாண்டினால் முழு மதிப்பீட்டு அறிக்கையையே இணைக்க வேண்டும். டிரஸ்டின் எழுத்துப்பூர்வ ஒப்புகையை, பதிலுக்கு என்ன பெற்றீர்கள் அல்லது எதுவும் பெறவில்லை என்ற வாசகத்தோடு, கணக்குத் தாக்கலுக்கு முன் வாங்கிவிடுங்கள். மனைப் பிரிவு அனுமதிக்கு ஈடாக ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது தானமே ஆகாது.

கூட்டு முதலீடு என்று யாராவது அழைத்தால் விலகுங்கள். "1 டாலர் போடு, 4 டாலர் கழிவு" என்ற பேச்சுதான் அடையாளம். 2022 டிசம்பரில் வந்த சட்டம், கூட்டு நிறுவனங்கள் தங்கள் அடக்க விலையின் 2.5 மடங்கைத் தாண்டிய கழிவை மறுக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நிலத்துக்கும் குடும்பக் கூட்டுக்கும் விலக்கு உண்டு. நேர்மையாக நிலத்தைக் காக்க நினைப்பவர்களின் பெயரையும் இந்த மோசடிகள்தான் கெடுத்தன.

யாரிடம் ஒப்படைப்பது

நிலத்தை என்றென்றைக்கும் காவல் காக்கப் போகிறவர், உங்களுக்குப் பின்னும் இருக்க வேண்டும். லேண்ட் டிரஸ்டின் அங்கீகாரத்தைப் பாருங்கள் (லேண்ட் டிரஸ்ட் அக்ரெடிடேஷன் கமிஷன் தருவது). எத்தனை ஈஸ்மென்ட் வைத்திருக்கிறார்கள், அத்தனைக்கும் ஆண்டுதோறும் ஆள் போய்ப் பார்க்கிறார்களா, வழக்கு நடத்த நிதி ஒதுக்கியிருக்கிறார்களா, லேண்ட் டிரஸ்டுகளின் வழக்குச் செலவுக்கான டெர்ராஃபர்மா காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடந்த ஆண்டின் கண்காணிப்பு அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். டிரஸ்ட் கலைந்தால் யாரிடம் போகும் என்று மாற்று அமைப்பின் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். பராமரிப்பு நிதிக்கு உங்களிடம் பணம் கேட்பார்கள். வழக்கறிஞர், சர்வே, மதிப்பீடு ஆகிய செலவுகளும் உங்களுடையவையே. எல்லாம் சேர்ந்து பல்லாயிரம் டாலர் ஆகலாம். சிறிய நிலத்துக்கு இந்தச் செலவே பலனை விழுங்கிவிடும். முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு நாள், இலை உதிர்ந்த பருவத்தில், சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையைக் கால்நடையாகச் சுற்றி வாருங்கள். பக்கத்து வேலி உள்ளே ஏறியிருக்கிறதா, பழைய எண்ணெய்ப் பீப்பாய்க் குப்பை எங்காவது புதைந்திருக்கிறதா, யாராவது பாதை போட்டு வருகிறார்களா என்று பாருங்கள். பிறகு டிரஸ்ட் தயாரிக்கும் அடிப்படை நிலை அறிக்கை வரும்: எண்ணிட்ட இடங்களிலிருந்து, தேதியும் திசையும் குறித்து எடுத்த படங்கள், வரைபடம், இருக்கும் கட்டடங்களின் அளவு. அதில் உங்கள் களஞ்சியம் விடுபட்டிருந்தால், பத்து ஆண்டு கழித்து அது புதிதாகக் கட்டியது என்று சந்தேகிக்கப்படும். வரி வரியாகச் சரிபார்த்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்புங்கள். நிலத்தை விற்கும் நாளில் வாங்குபவருக்கும் அந்த அறிக்கையின் பிரதியை, விலை பேசும் முன்பே, கொடுத்துவிடுங்கள்.